பழைய ஃபயர் ஸ்டேஷனை அருங்காட்சியகமாக்க: கூரை முதலா, பித்தளை முதலா?

ஓட்டுப்புரை எழுதியது:

குமரி மாவட்டம், கடலிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் ஒரு பழைய தீயணைப்பு நிலையம். புதுக் கட்டடத்துக்கு எல்லாம் மாறிவிட்டது. பழையதை இடிக்காமல் தீயணைப்பு அருங்காட்சியகமாக்கத் திட்டம். இரண்டு வண்டி நிற்கும் கூடம், சுண்ணாம்புச் சாந்துச் சுவர், தேக்கும் அயனி மரமும் போட்ட ஓட்டுக்கூரை, பின்னால் ஹோஸ் காயப்போடும் கோபுரம் (உள்ளே சுமார் 9 மீட்டர் உயரம்).

பொருட்கள்: ஓடாத தண்ணீர் வண்டி ஒன்று, பெட்ரோல் டிரெய்லர் பம்ப் ஒன்று, பித்தளை பிராஞ்ச் (ஹோஸ் நுனியில் கையில் பிடிக்கும் குழல்) 14, ஒரு பெட்டி கப்ளிங் (ஹோஸை இணைக்கும் பூட்டு), கான்வாஸ் ஹோஸ் 8 சுருள், பித்தளை ஹெல்மெட் 2, கூம்பு வடிவப் பழைய சோடா-ஆசிட் அணைப்பான் 11, கையால் பம்ப் அடிக்கும் சின்னப் பித்தளை அணைப்பான் 3, திரவம் நிரம்பிய நீலக் கண்ணாடி உருண்டை 4, கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கையுறை, கை சைரன், மணி, ஒரு அலமாரி நிறையப் பதிவேடு.

கேள்வி மூன்று. பணம் கொஞ்சந்தான், எதை முதலில் செய்ய? வண்டிக்குப் புதுச் சிவப்பு அடித்து, பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்க ஆட்கள் தயாராக இருக்கிறார்கள், விடலாமா? வருகிற பிள்ளைகளைத் தண்ணீர் அடித்துப் பார்க்க விடலாமா?

கப்ளிங்63 எழுதியது:

கூரையும் இல்லை, பித்தளையும் இல்லை. முதலில் அந்த அணைப்பான்கள். அதுவரை அந்த அறைக்குள் தொண்டு செய்ய வருகிறவர்களை விடாதீர்கள்.

கையால் பம்ப் அடிக்கும் சின்னப் பித்தளை உருளைக்குள் பெரும்பாலும் கார்பன் டெட்ராகுளோரைடுதான் இருக்கும். மெல்லக் குலுக்கினால் தளும்பும். தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம் என்பதால் ஒரு லிட்டர் அளவுள்ள உருளை கையில் எடுத்த உடனே தெரியும். அதன் ஆவி ஈரலைக் கெடுக்கும். சூடான உலோகத்தில் பட்டால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு ஆகும். அந்தக் காலத்தில் கார் எஞ்சின் தீக்கு இதைத்தான் அடித்தார்கள் என்பது வேறு விஷயம். திறக்க வேண்டாம், வாஷ்பேசினில் ஊற்ற வேண்டாம். நிமிர்த்தி வைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டு, அபாயகரக் கழிவு எடுக்க உரிமம் உள்ளவரிடம் திரவத்தை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். காலி உருளை உங்களுக்குத் திரும்பி வர வேண்டும் என்று முதலிலேயே எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் அதுவும் கழிவாகப் போய்விடும்.

நீலக் கண்ணாடி உருண்டை தீயில் எறிந்து உடைக்கிற வகை. சிலவற்றில் வெறும் உப்புத் தண்ணீர், சிலவற்றில் அதே டெட்ராகுளோரைடு. வெளியிலிருந்து பார்த்துப் பிரிக்க முயல வேண்டாம். நான்கையும் விஷம் என்றே எடுத்துக்கொண்டு, பஞ்சு வைத்த மூடிய பெட்டியில், ஆள் நடமாடாத இடத்தில் வையுங்கள்.

சோடா-ஆசிட் வகையில் உள்ளே சோடியம் பைகார்பனேட் கரைசல், மூடிக்குக் கீழே ஒரு சின்னக் குப்பியில் கந்தக அமிலம். இரண்டும் கலந்தால் கார்பன் டை ஆக்சைடு பொங்கி, அந்த அழுத்தம் தண்ணீரை வெளியே தள்ளும். சில மாடலில் குமிழைத் தட்டிக் குப்பியை உடைக்க வேண்டும், சிலவற்றைத் தலைகீழாகக் கவிழ்த்தாலே போதும். இங்கேதான் ஆபத்து. அடியில் பொறித்த ஆண்டைப் படிக்க ஒருவர் கவிழ்த்தால் அது வேலை செய்யத் தொடங்கிவிடும். நாசில் துளை தூசியால் அடைபட்டு, உள்சுவர் அரித்துப் போயிருந்தால் உருளை வெடிக்கும். எனவே நிமிர்ந்தபடியே நகர்த்துங்கள். மூடி திறப்பது தீயணைப்புத் துறையில் இந்த வகையைக் கையாண்டவர் வேலை: கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, அமிலக் கையுறை, மூடிக்கு நேரே முகம் இல்லாமல், கால் சுற்று மட்டும் திருகி நிறுத்த வேண்டும். காற்று வந்தால் அது அடங்கும் வரை கை வைக்கக் கூடாது. குப்பி அமிலத்தை நிறையத் தண்ணீருக்குள் சிறிது சிறிதாக விட வேண்டும், தண்ணீரை அமிலத்துக்குள் ஒருபோதும் விடக் கூடாது. பிறகு சலவைச் சோடா போட்டுச் சமன் செய்யலாம். காலி உருளையின் மூடியை இறுக்காமல் வைத்து, “காலி செய்யப்பட்டது” என்று தேதியோடு சீட்டுக் கட்டுங்கள்.

கல்நார் கையுறையைத் தட்டவோ துடைக்கவோ கூடாது. சோப்புக் கலந்த தண்ணீரைப் பனிபோலத் தெளித்து நனைத்து, தடித்த பாலித்தீனில் இரண்டு சுற்று, முற்றிலும் மூடிய அக்ரிலிக் பெட்டிக்குள் அப்படியே காட்சிக்கு வைக்கலாம். கையுறையோடு கதை முடியாது. வண்டியின் பிரேக் லைனிங், கிளட்ச், சைலன்சர் மேல் சுற்றிய கயிறு, பம்ப் தண்டில் ஒழுகாமல் சுற்றும் கிளாண்ட் பேக்கிங் எல்லாம் அந்தக் காலத்தில் கல்நார்தான். பிரேக் டிரம்மில் கம்ப்ரசர் காற்று அடித்துத் தூசி தட்டுவது வொர்க்‌ஷாப் பழக்கம். இந்த வண்டியில் அதைத் தடை செய்யுங்கள்.

பெட்ரோல் டாங்க், பேட்டரி இரண்டையும் இறக்கிவிட்டுத்தான் வண்டியை உள்ளே கொண்டுவர வேண்டும். டிரெய்லர் பம்பின் கார்ப்பரேட்டர் கிண்ணத்திலும் பழைய பெட்ரோல் பசையாக நிற்கும், அதை மறந்துவிடுவார்கள்.

வேளிமலை எழுதியது:

அண்ணன் சொன்னது முடிந்த பிறகு கூரை. நம்ம மாவட்டத்துக்கு இரண்டு மழையும் உண்டு, ஜூனில் ஒன்று, அக்டோபர்-நவம்பரில் ஒன்று. ஓடு இறக்குகிற வேலைக்கு ஜனவரி தொடங்கி மார்ச் முடிய உள்ள நாட்கள்தான் நம்பகம். அதற்குள் பணம் வராது என்றால் அந்த ஆண்டு ஓட்டைத் தொடாமல், உடைந்ததை மட்டும் மாற்றி, வண்டிக்கு மேல் ஒரு தார்ப்பாய்ப் பந்தல் போட்டுவிட்டு அடுத்த ஜனவரிக்குக் காத்திருங்கள். பாதி இறக்கிய கூரையோடு இடவப்பாதியை (ஜூன் மழையை) சந்திப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

மங்களூர் ஓடு 100 சதுர அடிக்கு ஏறத்தாழ 150 வேண்டும். பழைய ஓடு இறக்கும்போது பத்தில் ஒன்று உடையும் என்று கணக்குப் போட்டு, அதே அளவு பழைய ஓட்டை இடிப்பு வீடுகளில் தேடி வையுங்கள். புது ஓட்டின் பூட்டு பழையதோடு சரியாக உட்காராது, அந்த இடுக்கில்தான் ஒழுகும். ஓடு உட்காரும் பட்டியல் சட்டத்தையும் அதைத் தாங்கும் சாய்வு மரமான கழுக்கோலையும் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் சிதல் (கறையான்) உள்ளே போயிருக்கிறது. சுவரில் ஏறி உட்காரும் கழுக்கோல் நுனியைக் கட்டாயம் பாருங்கள், ஈரம் அங்கேதான் நிற்கும். முழுக் கழுக்கோலையும் மாற்றாமல் கெட்ட நுனியை அறுத்து அதே அயனியில் ஒட்டுப் போடலாம். இறவாரத்தின் கடைசி இரண்டு வரிசை ஓட்டை ஸ்டெயின்லெஸ் கம்பியால் கட்டுங்கள். 2017 நவம்பர் 30 ஒக்கி புயலில் ஓடு பறந்த வீடுகளை நினைத்துக்கொண்டால் இந்தச் செலவு வீண் என்று தோன்றாது. சாதா கம்பி கடற்காற்றில் தாக்குப்பிடிக்காது.

சுவரில் பெயர்ந்த இடத்தைச் சிமெண்டால் அடைக்காதீர்கள். சுவருக்குள் இருக்கும் உப்பும் ஈரமும் வெளியேற வழியில்லாமல் சிமெண்டுக்குப் பின்னால் சேர்ந்து, சில மழைக்குள் சிமெண்டோடு பழைய சாந்தையும் தள்ளிவிடும். ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. கடல் மணல் கூடவே கூடாது. பூச்சுக்கு மேல் வெள்ளை, எமல்ஷன் அல்ல.

தரையில் டைல்ஸ் ஒட்டச் சொல்லி ஒருவர் கட்டாயம் வருவார். எண்ணெய்க் கறை, சக்கரம் தேய்ந்த தடம், வண்டி நிறுத்தும் கோடு, இவைதான் அந்தக் கூடம் என்ன வேலை செய்தது என்பதற்குச் சாட்சி. வண்டியின் பாரம் ஏறினால் டைல்ஸ் எப்படியும் உடையும்.

பெரிய மடக்குக் கதவுகளைக் கண்ணாடி போட்டு அடைத்தால் மேற்கு வெயிலில் கூடம் அடுப்பாகிவிடும். கதவு கதவாகவே திறந்து மூடட்டும், கண்ணாடித் தடுப்பை ஒரு மீட்டர் உள்ளே தள்ளி நிறுத்துங்கள். ஆட்கள் கூடும் கட்டடம் ஆகிறது என்பதால் வெளியேற இரண்டு வழி வேண்டும், அவை வெளிப்பக்கம் திறக்க வேண்டும். தீயணைப்பு அருங்காட்சியகமே தடையில்லாச் சான்று வாங்க முடியாமல் நின்றால் ஊர் சிரிக்கும்.

கோபுரம் 9 மீட்டர் என்றீர்கள். அதை வைத்தே இந்த நிலையத்தில் 15 மீட்டர் ஹோஸ் நடுவில் மடித்துத் தொங்கவிடப்பட்டது என்று சொல்லலாம்: பாதி ஏழரை மீட்டர், மேலே கப்பிக்கும் கீழே ஆள் நிற்கவும் மிச்சம். 30 மீட்டர் ஹோஸ் அங்கே ஒருபோதும் தொங்கியிருக்காது. மேல் ஜன்னல்களுக்கு வௌவால் நுழையாத வலை. அந்தக் கோபுரம் தீ வந்தால் புகைபோக்கி மாதிரி இழுக்கும், எனவே கூடத்துக்கும் கோபுரத்துக்கும் நடுவே தானாக மூடும் கதவு.

ஒரு அணைப்பான் விஷயம். காட்சிக்கு அல்ல, பயன்பாட்டுக்கு மாட்டுவது. எல்லாரும் ஏபிசி பவுடர் மாட்டுவார்கள். அந்தப் பவுடர் அமோனியம் பாஸ்பேட். ஈரக் காற்றில் பித்தளையையும் இரும்பையும் அரிக்கும். தவறிப்போய் ஒருமுறை அடித்தால் தீயைவிடச் சேதம் அதிகம். பொருள் இருக்கும் கூடத்தில் கார்பன் டை ஆக்சைடும் தண்ணீர்ப் பனி வகையும் மாட்டுங்கள், பவுடரைச் சமையல் பக்கம் வையுங்கள்.

தாமிரம் எழுதியது:

புளிக்கு என் பதில்: வேண்டாம். குத்துவிளக்குக்குச் சரி, ஏனென்றால் அதை அடுத்த வெள்ளிக்கிழமையும் தேய்ப்போம். பிராஞ்சில் பொறித்திருக்கும் எழுத்து, அளவு, திருவிதாங்கூர்ச் சங்கு முத்திரை இருந்தால் அது, எல்லாம் அரை மில்லிமீட்டர் ஆழம்கூட இருக்காது. ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் போகும். புளியின் அமிலம் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை முதலில் கரைக்கும், அதனால்தான் தேய்த்த இடம் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. புளியோடு உப்பும் சேர்ப்பது வழக்கம். அந்த உப்பு இடுக்கில் தங்கினால் கடற்காற்று ஈரத்தில் களிம்பு மறுபடி கிளம்பும்.

அமோனியா கலந்த கடைப் பாலிஷும் வேண்டாம். இழுவிசையில் இருக்கும் பித்தளை அமோனியா பட்டால் தானாக வெடிப்பு விடும். இது முதலில் தெரிய வந்ததே இந்தியாவில்தான், பிரிட்டிஷ் படையின் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் குதிரை லாயத்துக்குப் பக்கத்தில் இருந்தபோது பிளந்தன. உங்கள் கூரையில் வௌவால் இருக்கிறது என்றால் அதன் மூத்திரமும் அதே வேலையைச் செய்யும்.

முதலில் வெறும் பஞ்சும் மெல்லிய தூரிகையும். பிறகு வடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர்) அரை சதவீதம் அயனி அல்லாத, அதாவது நான்-அயானிக் சோப்பு (மர அயனி இல்லை, ஏமாந்துவிடாதீர்கள்), துடைத்து, வடிநீரிலேயே அலசி, எத்தனாலால் துடைத்து உலர்த்த வேண்டும். போர்வெல் தண்ணீர் வேண்டவே வேண்டாம், கடலோர போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். சந்தேகம் இருந்தால் அலசிய நீரில் ஒரு துளி சில்வர் நைட்ரேட் விடுங்கள், வெள்ளையாகக் கலங்கினால் குளோரைடு இன்னும் இருக்கிறது. கடைசியில் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு மெல்லியதாக, பருத்தித் துணியால். பளபளக்காது. மங்கிய பழுப்பாக இருக்கும், அதுதான் அதன் வயது.

துடைத்த இடத்தில் வாரம் இரண்டில் மறுபடி வெளிர்பச்சைப் பொடி வந்தால் அது சாதாரணக் களிம்பு இல்லை, குளோரைடு உள்ளே போயிருக்கிறது. அந்தப் பொருளைத் தனிப் பெட்டியில், ஈரப்பதம் 42 சதவீதத்துக்குக் கீழே வைத்தால்தான் அடங்கும். 60 × 40 × 40 சென்டிமீட்டர் பெட்டிக்கு 2 கிலோ சிலிக்கா ஜெல் போதும், நிறம் மாறியதும் 110 டிகிரியில் காயவைத்து மறுபடி வைக்கலாம். ஆனால் ஹெல்மெட் அந்தப் பெட்டிக்கு ஆகாது. உள்ளே தோல் பட்டை இருக்கிறது, அது அந்த வறட்சியில் வெடித்துவிடும். அதற்கு மெழுகு மட்டும். பித்தளை ஹெல்மெட் ஏன் போனது என்பதைப் பலகையில் எழுதுங்கள். லண்டனில் 1866 முதல் அது இருந்தது, 1930-களில் கைவிட்டார்கள், வீடுகளில் மின்சாரம் வந்த பிறகு பித்தளைத் தொப்பி உயிருக்கு உலை ஆனது. ஒரு பொருளின் கதையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

வண்டிக்குப் புதுப் பெயிண்ட்: இதுவும் வேண்டாம். பானெட்டுக்கு உள்பக்கம், கதவு இடுக்கு போன்ற கண்ணுக்குப் படாத இடத்தில் 2 சென்டிமீட்டர் சதுரம் எடுத்து, ஸ்கால்பெல் கத்தியால் ஒவ்வொரு அடுக்காகப் படிக்கட்டுப் போலத் திறந்து பாருங்கள். இன்றைய சிவப்புக்குக் கீழே வேறு சிவப்பு, அதற்குக் கீழே கையால் எழுதிய எழுத்து இருக்கக்கூடும். உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்த்தால் அது போகும், கூடவே பழைய ப்ரைமரின் ஈயத்தூள் மூக்கில் ஏறும். துருப்பிடித்த அடிப்பாகத்தை மட்டும் கழுவி, உலர்த்தி, டானிக் அமிலம் பூசி மெழுகிடுங்கள். தண்ணீர் டாங்கின் வடிகுழாயைத் திறந்தே வையுங்கள், மேல் மூடிக்கு வலை. டயரில் பாரம் நிற்கக் கூடாது. ஜாக்கியால் தூக்கி ஆக்ஸிலுக்கு அடியில் முட்டு கொடுங்கள், டயர் தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கட்டும்.

ஹோஸ் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் முதலில் சாகப்போவது அதுதான். கோபுரத்தில் பழைய ஹோஸைத் தொங்கவிடாதீர்கள், மடிப்பில் உள்ரப்பர் பிளந்துவிடும். தொங்கவிட இப்போதைய கழிவு ஹோஸ் கேட்டு வாங்குங்கள். பழையதை 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள அட்டைக் குழாயில் பழைய வேட்டித் துணி சுற்றி, தளர்வாக உருட்டுங்கள். ஒட்டிக்கொண்ட இடத்தை இழுத்துப் பிரிக்க வேண்டாம். பித்தளையும் ரப்பரும் ஒன்றையொன்று கெடுக்கும்: ரப்பரின் கந்தகம் பித்தளையைக் கறுக்க வைக்கும், செம்பு ரப்பரைப் பிசுபிசுக்க வைக்கும். கப்ளிங் படும் இடத்தில் பாலியெஸ்டர் தாள் செருகுங்கள்.

ஓட்டுப்புரை எழுதியது:

மூவருக்கும் நன்றி. அணைப்பான் அறையைப் பூட்டிவிட்டோம். பதிவேட்டில் 1116 மகரம் என்றெல்லாம் வருகிறது, தொகை சக்கரத்தில் (பழைய திருவிதாங்கூர் நாணயம்) இருக்கிறது. பம்பில் ஜி.பி.எம். என்று போட்டிருக்கிறது. இதைப் பலகையில் எப்படி எழுத? பிள்ளைகள் தண்ணீர் அடிப்பது பற்றியும் சொல்லுங்கள். சறுக்கி இறங்கும் பித்தளைக் கம்பம் ஒன்று வைத்தால் கூட்டம் வரும் என்கிறார்கள்.

வேளிமலை எழுதியது:

1116 மகரம் என்பது கொல்லம் ஆண்டு, 1941 ஜனவரி-பிப்ரவரி. சிங்க மாதத்தில் ஆண்டு பிறக்கும், அதாவது ஆகஸ்ட் நடுவில். டிசம்பர் முடியும் வரை 824 கூட்டுங்கள், ஜனவரி முதல் 825. தனு மாதம் இரண்டு ஆங்கில ஆண்டிலும் கால் வைத்திருக்கும், அதில் தேதி பார்த்துக் கூட்டணும். திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம், சக்கரத்துக்கு 16 காசு. மலையாளப் பதிவுகளும் கலந்து கிடக்கும், ஏனென்றால் 1956 நவம்பர் 1 வரை நாம் அந்தத் திருவிதாங்கூர்ப் பக்கம். பதிவேட்டை ஒளிப்படம் எடுத்த பிறகே யார் கையிலும் கொடுங்கள், நகல் இயந்திரத்தில் கவிழ்த்து அழுத்தினால் தையல் போகும்.

கம்பம் சிக்காகோவில் 1878-ல் வந்தது, மாடியில் தூங்கிய ஆட்கள் கீழே குதிரை வண்டிக்கு இறங்க. உங்கள் நிலையத்துக்கு மாடியே இல்லை. இல்லாததை வைத்தால் அருங்காட்சியகம் பூங்கா ஆகிவிடும். கூட்டம் வேண்டுமென்றால் இந்த ஊர் நிலையம் எதற்கெல்லாம் ஓடியது என்று காட்டுங்கள்: கிணற்றில் விழுந்தவர், ரப்பர் ஷீட் புகைப்புரை, கயிறு, ஓலைக்கூரை. 2021 ஜூனில் மண்டைக்காடு கோயில் கருவறைக் கூரை எரிந்ததே, மரக்கூரைத் தீ ஏன் வெளியில் தெரியாமல் ஓட்டுக்கு அடியில் ஓடும் என்பதை ஒரு மாதிரிக் கூரை வெட்டி வைத்துக் காட்டலாம்.

கப்ளிங்63 எழுதியது:

ஜி.பி.எம். என்றால் நிமிடத்துக்கு இத்தனை காலன். பிரிட்டிஷ் தயாரிப்பு என்றால் காலன் 4.546 லிட்டர், அமெரிக்கத் தயாரிப்பு என்றால் 3.785. தயாரிப்புத் தகட்டைப் படிக்காமல் மாற்ற வேண்டாம். தகட்டில் கோவென்ட்ரி கிளைமாக்ஸ் என்று இருந்தால் அது இரண்டாம் உலகப்போர்க் கால வகையாக இருக்க வாய்ப்பு. அதே கம்பெனி 1950-களில் எடைகுறைந்த தீயணைப்பு பம்புக்குச் செய்த எஞ்சினைத்தான் லோட்டஸ் பந்தயக் காரில் மாற்றி வைத்தார்கள். கார் பைத்தியங்கள் இதற்காகவே வருவார்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்வார்கள், இசைய வேண்டாம். பிளக் கழற்றி, உள்ளே எண்ணெய் விட்டு, மாதம் ஒருமுறை கையால் இரண்டு சுற்றுச் சுற்றினால் போதும்.

பிள்ளைகள் விஷயம். அரை அங்குல நாசிலில் 7 பார் அழுத்தம் கொடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 280 லிட்டர் போகும், கையைப் பின்னால் தள்ளும் விசை 18 கிலோ. எட்டு வயசுப் பிள்ளை அதைப் பிடித்தால் பிராஞ்ச் சாட்டை மாதிரி ஆடும். எனவே பழைய பிராஞ்சோ பம்போ வேண்டாம். போர்க்காலத்தில் வீடுகளுக்குக் கொடுத்த ஸ்டிரப் பம்பைப் பார்த்து இப்போதைய பொருளில் ஒன்று செய்யச் சொல்லுங்கள்: வாளிக்குள் நிற்கும் பம்ப், ஒருவர் அடிக்க, ஒருவர் குழாய் பிடிக்க, ஒருவர் வாளி நிரப்ப. அசலில் தாரை சுமார் 30 அடி போகும், உங்களுக்கு 10 அடி போதும். மூன்று பேர் சேர்ந்தால்தான் தண்ணீர் வரும் என்பதே பிள்ளைகளுக்குப் பிடிக்கும். பின்முற்றத்தில் வையுங்கள், கூடத்துக்குள் ஈரம் வரக் கூடாது.

பக்கத்தில் ஒரு கிணற்றுப் படம் வரைந்து அளவு போடுங்கள். பம்ப் தண்ணீரை இழுப்பதில்லை, காற்றழுத்தம்தான் தள்ளுகிறது. கணக்குப்படி உச்சம் 10.3 மீட்டர், நடைமுறையில் ஏழு, ஏழரைக்கு மேல் ஏறாது. கிணற்று நீர்மட்டம் அதைவிடக் கீழே போனால் வண்டி கரையில் நின்று பயன் இல்லை, பம்பைக் கீழே இறக்க வேண்டும். சக்‌ஷன் குழாயில் ஊசித் துளை இருந்தாலும் இதே கதைதான். பழைய சக்‌ஷன் ஹோஸ் கிடைத்தால் அதன் வாஷரைக் கழற்றிக் கண்ணாடிக்குள் தனியாக வையுங்கள், தீ இடத்தில் பாதி நேரம் தண்ணீர் ஏறாததற்குக் காரணம் அந்த நாலணா வாஷர்.